மழையில பிடிக்குமா?

"ஏனுங்கண்ணா, இந்த வண்டிக்கு டிஸ்க் பிரேக் போட்டுத் தர முடியுங்களா?"

கோவையில் இருக்கும் என் பட்டறைக்கு மாதத்தில் நாலைந்து பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். வண்டியை வாங்கித் தலைகீழாக நிறுத்தி இரண்டே இடங்களைப் பார்ப்பேன். ஒன்று, முன்போர்க்கின் இடதுகால் அடிப்பக்கம். இன்னொன்று, பெடலடியிலிருந்து பின்சக்கர அச்சுக்கு ஓடும் இடதுபக்கக் குழாய். கேலிப்பர் மாட்டுவதற்கான துளைகள் அங்கே இருந்தால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். வழவழவென்று வெறும் குழாயாக இருந்தால், "உட்காருங்க, டீ சொல்றேன்" என்பேன். அப்படி உட்கார வைத்தவர்களை டிஸ்க் போடாமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வந்த வேலையை வேண்டாம் என்கிறானே என்று சிலர் வருத்தப்பட்டதும் உண்டு. பிரேக் விஷயத்தில் நான் இப்படி இருப்பதற்குக் காரணம் என் அப்பா.

சிங்காநல்லூரில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எல்லாமே ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகள். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையில் செய்தவை. பெரிய வண்டிகளுக்கு ராடு பிரேக். கைப்பிடிக்கு அடியில் ஓடும் கம்பி பிரேக் கட்டைகளை மேலே இழுத்து ரிம்மின் உள்முகத்தில் அழுத்தும். ரிம் இரும்பு, மேலே குரோமியப் பூச்சு, முகம் பார்க்கலாம். வெயில் நாளில் ஓரளவு நிற்கும். மழை பெய்துவிட்டால் அந்தப் பளபளப்பின்மேல் ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும். சக்கரம் பல சுற்றுச் சுற்றித் தண்ணீரை வழித்த பிறகுதான் கட்டை பிடிக்கவே ஆரம்பிக்கும். அதற்குள் வண்டி எங்கேயோ போயிருக்கும்.

ஒரு ஐப்பசி மழையில், அரைமணி வாடகைக்கு எடுத்துப்போன ஒரு பையன் இறக்கத்தில் நிறுத்த முடியாமல் மாட்டுவண்டியின் பின்னால் மோதிக் கையை ஒடித்துக்கொண்டான். கட்டுப் போட்ட செலவை அப்பாதான் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகக் கொடுத்தார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வண்டியையும் வெளியே விடுமுன் ஒரு சோதனை செய்வார். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுவார். சக்கரம் உருளக் கூடாது. பிறகு ஒரு குவளைத் தண்ணீரை ரிம்மில் ஊற்றி மறுபடியும் தள்ளுவார். இந்தத் தடவை சக்கரம் உருளும். எந்த வண்டியிலும் உருளாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பையன்களிடம் ஒரே வார்த்தைதான்: "மழை வந்தா எறங்கித் தள்ளிட்டு வந்துருடா சாமி."

படிப்பு ஏறாததால் நான் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ஒன்பது வருடம். பிரேக்கில் ஏர் எடுப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்த, இன்னொருவர் சக்கரத்துக்கு அடியில் படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். "அழுத்து… பிடி… விடு." நாளெல்லாம் இதே பாட்டு. ஆயிலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் பெடலின் அழுத்தம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும், பிரேக் பஞ்சுபோல் உள்ளே போகும். பாஸ்கல் சொன்ன விதியெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பரவும். லீவர்ப் பக்கத்துப் பிஸ்டன் 10 மி.மீ., சக்கரத்துப் பக்கம் 22 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பரப்பளவுக் கணக்கில் விரல் தரும் விசை ஏறத்தாழ ஐந்து மடங்காகப் போய்ச் சேரும். வயருக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. வயர் நீளும், உறை சுருங்கும், ஒவ்வொரு வளைவிலும் உராய்வு கொஞ்சம் தின்னும்.

அப்பாவுக்கு முடியாமல் போனபோது கடையை நான் எடுத்துக்கொண்டேன். வாடகை சைக்கிள் காலம் முடிந்திருந்தது. விடிகாலை நாலரைக்கே வளைந்த கைப்பிடி ரோடு பைக்குகளில் கிளம்பும் ஆட்கள் பெருகியிருந்தார்கள். 200, 300, 600 கிலோமீட்டர் என்று பிரவே எனப்படும் நெடுந்தூர ஓட்டம் ஓட்டுபவர்கள், ஞாயிறுதோறும் கோத்தகிரி ஏறுபவர்கள், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு தாண்டி வால்பாறை போகிறவர்கள். ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குக் கவலையெல்லாம் இறங்குவதைப் பற்றி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் 1,400 மீட்டருக்கு மேல். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், அந்த உயரத்தை விட்டு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் மூன்று லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். ரிம் பிரேக் வண்டியில் அந்தச் சூடு, டயரையும் ட்யூபையும் தாங்கி நிற்கிற அதே ரிம்மில் ஏறுகிறது. கார்பன் ரிம்மில் நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக்கைப் பிடித்தால் பிசின் இளகி ரிம் பிதுங்கும். அப்படிப் பிதுங்கிய ரிம் ஒன்று என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. ஓட்டியவர் புல்மேட்டில் விழுந்ததால் தப்பினார். கார்பன் ரிம் வாங்கப் போகிறேன் என்று வருகிறவர்களை முதலில் அந்தச் சுவருக்குத்தான் கூட்டிப்போவேன். விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு முதன்முதலாக என்னிடம் வந்தது ஒரு மலைச் சைக்கிள். 'லீவர் உள்ளே போகுதுங்க' என்றார் உரிமையாளர். ஒன்பது வருடம் காரில் ஏர் எடுத்தவன், எனக்கென்ன என்று தோன்றியது. அலமாரியில் டாட் 4 கார் பிரேக் ஆயில் இருந்தது. பழையதை வடித்துவிட்டு அதை ஏற்றினேன். லீவர் கல்லுபோல் ஆனது. அவரும் சந்தோஷமாகப் போனார். பத்தாம் நாள் தள்ளிக்கொண்டு வந்தார். பிரேக் பிடித்தது பிடித்தபடி நிற்கிறது, சக்கரம் சுற்றவில்லை.

கேலிப்பரைப் பிரித்தபோதுதான் புரிந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் ஊறிப் பருத்து, தன் பள்ளத்துக்குள் உட்கார மறுத்து வெளியே துருத்திக்கொண்டிருந்தது. விரல் நகத்தால் கீறினால் ரப்பர் பொடிப்பொடியாக வந்தது. அந்த பிரேக் மினரல் ஆயிலுக்கென்று செய்தது. அதன் சீல் ஒரு வகை ரப்பர். டாட் ஆயில் கிளைக்கால் வகை, அதற்கான சீல் வேறு ரப்பர். மாற்றி ஊற்றினால் இரண்டு பக்கமும் கெட்டுப்போகும். ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் ரோடு பிரேக்குகளுக்கு நெடுங்காலமாக டாட். லீவர் மூடியிலேயே எந்த ஆயில் என்று எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. புது கேலிப்பரும் லீவரும் என் செலவில் வாங்கிப் போட்டேன். அப்பா அந்தப் பையனுக்குக் கட்டுக்காசு கொடுத்தது அன்றைக்கு நினைவுக்கு வந்தது. அதிலிருந்து என் பட்டறையில் டாட் ஆயிலுக்கும் மினரல் ஆயிலுக்கும் தனித்தனி அலமாரி, தனித்தனி சிரிஞ்சு, துடைக்கும் துணிகூடத் தனி. வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது, பாட்டிலில் போட்டு வைத்திருக்கும் அந்த ஊறிய சீலைத்தான்.

அந்த ரப்பர் வளையத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சதுரமான குறுக்குவெட்டு கொண்ட சின்ன வளையம். லீவரை அழுத்தினால் பிஸ்டன் முன்னால் போகும். வளையம் பிஸ்டனைக் கவ்வியபடியே லேசாக முறுக்கிக்கொள்ளும். லீவரை விட்டதும் முறுக்கு திரும்பி பிஸ்டனைப் பின்னால் இழுக்கும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே முடி அளவு இடைவெளி உண்டாவது இதனால்தான். ஸ்பிரிங் கிடையாது, திருகு கிடையாது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கி முன்னேறும், இடைவெளி மட்டும் மாறாது. வயர் பிரேக்கில் வாரம் ஒருமுறை திருகை இறுக்குகிறோமே, அந்த வேலையை இந்த வளையம் தானாகச் செய்கிறது. இத்தனை வருடம் கழித்தும் கேலிப்பரைத் திறக்கும்போதெல்லாம் இதை யோசித்தவர் யாரோ, அவரை மனதுக்குள் கும்பிடத் தோன்றுகிறது.

வெறும் குழாயாக இருக்கும் ரிம் பிரேக் வண்டிக்கு ஏன் டிஸ்க் போட மாட்டேன் என்கிறேன்? டீ குடித்தபடி நான் சொல்வது இதுதான். ரிம் பிரேக் போர்க்கின் தலையில் உட்கார்ந்து, விசையை இரண்டு காலுக்கும் சமமாகப் பகிர்கிறது. டிஸ்க் கேலிப்பர் இடதுகாலின் அடியில் மட்டும் பிடிக்கிறது. சின்ன வட்டத்தைப் பிடித்துப் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டும் என்பதால், 160 மி.மீ. டிஸ்க்கில் தேவைப்படும் விசை ரிம்மில் தேவைப்படுவதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அவ்வளவும் ஒற்றைக் காலில், ஒரு பக்கமாக முறுக்கும். ரிம் பிரேக்குக்காகச் செய்த மெல்லிய கார்பன் போர்க் அதற்காகப் பிறந்ததில்லை.

அடுத்தது அச்சு. வண்டி முன்னால் போகும்போது சக்கரத்தின் பின்பாதி கீழிருந்து மேலே ஏறும். போர்க்கின் பின்பக்கம் இருக்கும் பேட் அங்கே பிடிக்கும்போது டிஸ்க்கைக் கீழே அழுத்தும். சக்கரமே கீழே தள்ளப்படும். பழைய போர்க்கின் வாய் திறந்திருப்பதும் அதே கீழ்ப்பக்கம்தான். குயிக் ரிலீஸ் நெம்புகோல் சரியாக இறுகாத வண்டியில், பலமாகப் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் கழன்றே போகலாம். போர்க்கின் காதுகளைத் துளைத்துக்கொண்டு போகும் 12 மி.மீ. த்ரூ ஆக்சில் ரோடு பைக்கில் வந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னும் இருக்கிறது. ரிம்மில் பிடிக்கும்போது போக்ஸ் கம்பிகளுக்கு அதிக வேலையில்லை. ஹப்பில் பிடித்தால் நிறுத்தும் முறுக்கு முழுவதும் கம்பிகள் வழியாகத்தான் டயருக்குப் போக வேண்டும். நேர்க்கம்பியாகக் கோத்த முன்சக்கரம் அதற்கு உதவாது, குறுக்குப் பின்னல் வேண்டும். பின் ஹப்பின் அகலமும் வேறு, ரிம் பிரேக் வண்டியில் 130, டிஸ்க் வண்டியில் 135 அல்லது 142 மி.மீ. ஆக, போர்க், ஃபிரேம், இரண்டு சக்கரம், லீவர் எல்லாம் மாறணும். "அப்புறம் உங்க வண்டியில மிச்சம் இருக்கறது சீட்டும் பெல்லும்தானுங்க" என்பேன். புது டிஸ்க் வண்டி வாங்குவது அதைவிட மலிவு.

கேட்காமல் போனவர்களும் உண்டு. ஒருவர் அலுமினிய ஃபிரேமை எங்கேயோ கொடுத்து கேலிப்பர் மாட்ட ஒரு துண்டை வெல்டிங் வைத்துவிட்டார். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து 'டக் டக்'கென்று சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார். விளக்கைக் கிட்டே பிடித்தபோது, வெல்டிங்கை ஒட்டி, தலைமுடி போல ஒரு கோடு குழாயைப் பாதி சுற்றியிருந்தது. அலுமினிய ஃபிரேமைச் செய்யும்போது கடைசியில் அடுப்பில் வைத்துப் பதமேற்றியிருப்பார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். வேலை தெரிந்த கைதான் வெல்டிங் வைத்திருக்கிறது, ஆனால் உலோகத்துக்கு அது போதவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வால்பாறை போவதாக இருந்தார்.

திருப்பி அனுப்புகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ரிம்மைச் சுத்தமாகத் துடைத்து, கோட்டம் எடுத்து, வயரும் உறையும் புதிதாக மாற்றி, நல்ல கட்டை போட்டுக் கொடுப்பேன். பழைய கட்டையைப் புரட்டிப் பார்த்தால் மினுமினுவென்று அலுமினியத் துகள் பதிந்திருக்கும். மழைநாளில் மணலும் தண்ணீரும் சேர்ந்து ரிம்மை அரைத்த தூள் அது. ரிம்மின் பக்கவாட்டில் ஸ்கேலை வைத்தால் நடுவில் குழி தெரியும். அந்தக் குழி ஆழமாகிவிட்டால் ரிம்மையே மாற்றச் சொல்வேன், காற்றின் அழுத்தத்தில் ஒருநாள் பிளந்துகொள்ளும். டிஸ்க் கேட்டு வந்தவர்களில் பாதிப்பேருக்கு இந்த வேலையே போதுமானதாக இருக்கிறது. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, 'இதே வண்டிதானா' என்று கேட்பார்கள்.

இனி மாற்றக்கூடிய வண்டிகள். டிஸ்க் ஃபிரேம், டிஸ்க் சக்கரம் எல்லாம் இருந்து, வயரில் இழுக்கும் கேலிப்பரோடு விற்ற வண்டிகள் ஏராளம். விலையைக் குறைக்க அப்படிச் செய்திருப்பார்கள். இவற்றில் பல கேலிப்பர்களில் ஒரு பக்கப் பேட்தான் நகரும், டிஸ்க்கை வளைத்து எதிர்ப் பேடில் சாய்க்கும். இரண்டு பக்கமும் நகரும் கேலிப்பர் போட்டு, நசுங்காத உறையைக் கோத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் ஒரு படி, டி.ஆர்.பி. ஹைர்ட் போன்றவை. லீவரிலிருந்து வயர், கேலிப்பருக்குள் மட்டும் ஆயில். லீவர் மாற்ற வேண்டியதில்லை என்பதால் செலவு பாதி. நல்ல சமரசம்தான். நான்கைந்து பேருக்குப் போட்டிருக்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

முழு ஹைட்ராலிக் போட்ட வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வங்கி அதிகாரியம்மாவின் வண்டி. சின்ன உருவம், சின்னக் கைகள். ஏறுவதில் அவருக்கு இணையாக ஆண்களே சிலர்தான். இறக்கத்தில் மட்டும் நாலு வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்திக் கையை உதறிக்கொள்ள வேண்டியிருந்தது. "வெரலு மரத்துப் போகுதுங்கண்ணா. பயத்துல இன்னும் இறுக்கிப் பிடிக்கறேன், இன்னும் மரத்துப் போகுது" என்றார். அவருடைய வண்டியில் வயர் டிஸ்க். ஃபிரேமில் ஃப்ளாட் மவுண்ட் துளைகள், 11 கியர். அதே 11 கியருக்கான ஹைட்ராலிக் லீவர் வேண்டும், கியர் வயரை இழுப்பதும் அதுவேதான். அந்த லீவர் ஜோடியின் விலை வண்டி விலையில் கணிசமான பங்கு. இரண்டு மாதம் யோசித்துவிட்டு, "போட்டுருங்கண்ணா" என்றார்.

குழாயை வெட்டுமுன் ஒன்றைக் கேட்பது என் வழக்கம்: முன்பிரேக் எந்தக் கையில்? ஸ்கூட்டர், பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலக்கையில் இருந்தால்தான் அவசரத்தில் கை தானாகப் போகும். இறக்குமதி வண்டிகள் பல இடக்கையில் வரும். வயராக இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆயில் குழாயை வெட்டி ஃபிரேமுக்குள் ஓட்டிய பிறகு மாற்றுவதென்றால் முழு வேலையும் திரும்பச் செய்ய வேண்டும்.

பழைய உறையின் வாலில் புதுக் குழாயைக் கட்டி, ஃபிரேமுக்குள் மெதுவாக இழுத்தேன். பின்கேலிப்பரின் போல்ட் குழாயின் அடியிலிருந்து துளைத்து மேலே வர வேண்டும். குழாயின் தடிமனுக்கு ஏற்ப அதன் நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குட்டையாக இருந்தால் மரை பிடிக்காது, நெட்டையாக இருந்தால் கேலிப்பரில் போய் இடிக்கும், இறுகியதுபோல் தோன்றி ஏமாற்றும். குழாயை நேராக வெட்டி, உள்ளே ஒரு ஊசிமுனைக் குழலை அடித்து, வெளியே பித்தளை வளையத்தைக் கோத்து இறுக்கினால், வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்வும். ஒருமுறைதான் நசுங்கும், கழற்றினால் புது வளையம். வெட்டு ஒரு இழை சாய்ந்தாலும் கசியும் என்பதால் இந்த வேலைக்குத் தனிக் கத்தி வைத்திருக்கிறேன், வேறு எதையும் அதனால் வெட்ட விடமாட்டேன்.

பிறகு ஏர் எடுப்பது. கடையில் கூட்டம் போன பிறகு, இரவில்தான் இதைச் செய்வேன். பேடுகளைக் கழற்றி வைத்துவிட்டு, பிஸ்டன்களைப் பின்னால் தள்ளி, நடுவில் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை ஒன்றைச் செருகினேன். லீவர் உச்சியில் சின்னப் புனல். கீழே கேலிப்பர் நிப்பிளில் சிரிஞ்சு. ஷிமானோ ஆயில் ரோஜாப்பூ நிறத்துக்குச் சற்று அடர்த்தியாக, சிவப்பாக இருக்கும். சிரிஞ்சை மெதுவாக அழுத்த, ஆயில் கீழிருந்து மேலே ஏறும். காற்று இயற்கையாகவே மேலே போகப் பார்க்கும், நாம் அதன் போக்கில் தள்ளிவிடுகிறோம். காரில் மேலிருந்து கீழே தள்ளிப் பழகிய எனக்கு இது ஆரம்பத்தில் தலைகீழாகத் தெரிந்தது. முதலில் பெரிய குமிழிகள் வந்தன. பிறகு பாசிமணி அளவில். பிறகு கடுகு அளவில். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் குழாய் நெடுகத் தட்டினேன். கேலிப்பருக்குள் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு தட்டியதும் விட்டு வந்தன. எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்து லீவரை ஒருமுறை அழுத்தி விட்டபோது, புனலின் அடியிலிருந்து ஒரே ஒரு குமிழி, ஊசி முனை அளவு, ஆடி ஆடி மேலே வந்து உடைந்தது. அந்தக் கடைசிக் குமிழிக்குத்தான் காத்திருப்பது.

எல்லாவற்றையும் மூடி, லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி, வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மிச்சமிருக்கும் நுண்குமிழிகள் இரவு முழுவதும் மேலே ஏறிச் சேரும். காலையில் புனலை மாட்டி அவற்றையும் வெளியேற்றிவிட்டேன். லீவர் அரை அங்குலம் உள்ளே போய், சுவரில் மோதியதுபோல் நின்றது.

புதுப் பேட் அன்றைக்கே நன்றாகப் பிடிக்காது. 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடைவேகம் வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், இருபது தடவையாவது பிரேக் பிடிக்க வேண்டும். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சமமாகப் படிந்த பிறகுதான் உண்மையான பிடிப்பு வரும். இதைச் செய்யாமல் நேராக மலைக்குப் போகிறவர்கள்தான், 'பிரேக் சத்தம் போடுது, பிடிக்கல' என்று திரும்பி வருகிறார்கள். அந்த அம்மாவை அவினாசி சாலைப் பக்கம் ஒரு வெற்றுத் தெருவில் ஓட்டவிட்டு நானே எண்ணினேன். இறக்கத்தில் விடாமல் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது, வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையில் அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன். விட்டுப் பிடித்தால் டிஸ்க்குக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

ஞாயிறு பத்து மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து போன். "எடையில எங்கயும் நிறுத்தவே இல்லைங்கண்ணா. ரெண்டு வெரல்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "பனியில மட்டும் கத்துச்சுங்க, யானை பிளிறின மாதிரி." ஈரம் பட்டால் சில வினாடி அப்படித்தான் கத்தும், காய்ந்ததும் அடங்கும் என்றேன்.

பந்தயக்காரர்களே டிஸ்க்கை எளிதில் ஏற்கவில்லை. உலகப் பந்தயங்களை ஆளும் யூ.சி.ஐ. 2016இல் சோதனையாக அனுமதித்தபோது, பாரி-ரூபே பந்தயத்தில் ஃபிரான் வென்டோசோ என்ற ஸ்பானிய வீரர் காலில் ஆழமாக வெட்டுப்பட்டார். டிஸ்க்தான் வெட்டியது என்றார் அவர். சோதனை உடனே நிறுத்தப்பட்டது. விளிம்பை மழுக்கிய டிஸ்க்குகளோடு மறு ஆண்டு சோதனை தொடர்ந்து, 2018 ஜூலையில்தான் நிரந்தர அனுமதி வந்தது. பந்தயக்காரர்களுடைய மற்ற வாதங்கள் எடை, சக்கரம் மாற்றும் வேகம் பற்றியவை. நம் ஊர் ஓட்டிக்கு அந்த வாதங்கள் பொருந்தாது என்பது என் எண்ணம். மாலையில் மழை பிடித்துக்கொள்ளும் மலைச்சாலையும் எதிரே வரும் பஸ்ஸும்தான் அவனுக்கு முக்கியம். பல டிஸ்க் ஃபிரேம்களில் 32 மி.மீ. டயர் தாராளமாகப் போடலாம். நம் சாலைக்கு அது பிரேக்குக்குச் சமமான லாபம்.

ஹைட்ராலிக் போட்டுக்கொண்டவர்களிடம் நான் விடாமல் சொல்லும் சில விஷயங்கள் உண்டு. காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால் லீவரைத் தொடாதீர்கள். நடுவில் டிஸ்க் இல்லாததால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும், திரும்பச் சக்கரம் உள்ளே போகாது. ஒரு மடித்த அட்டையாவது செருகி வையுங்கள். ஸ்பிரே எதையும் சங்கிலியில் அடிக்காதீர்கள், காற்றில் பறக்கும் ஒரு துளி போதும், பேட் குடித்துவிடும். ஒருவர் பளபளக்கட்டும் என்று டீசல் துணியால் டிஸ்க்கையே துடைத்துவிட்டார். பேடை எடுத்து உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தேன், பிழைக்கவில்லை. டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மட்டும் துடைக்க வேண்டும். டிஸ்க் புதிதாக 1.8 மி.மீ. தடிமன் இருக்கும், 1.5க்கு வந்தால் மாற்றிவிடணும். பேடில் அரை மி.மீ. மிச்சம் இருக்கும்போதே வாருங்கள், இரும்பு தேய்க்கும் சத்தம் கேட்ட பிறகு வராதீர்கள்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. சாயங்காலம் கடைக்கு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். அந்த அம்மாவின் வண்டியை முடித்து நிறுத்தியிருந்த அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வயரே காணமே?" என்றார். குழாய்க்குள் ஆயில் என்றேன். "வட்டத் தகடு இத்தனூண்டு இருக்குது. இது எங்க ஆளத் தாங்கும்?" கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தானே உள்ளே போய், தொட்டியிலிருந்து குவளையில் தண்ணீர் மொண்டு வந்தார். கை நடுங்கியதில் பாதி வழியிலேயே சிந்தியது. மிச்சத்தை டிஸ்க்கின்மேல் ஊற்றினார். லீவரில் ஒற்றை விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்து வண்டியை முன்னால் தள்ளினார்.

முன்சக்கரம் அசையவில்லை. பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி, ஒரு சாண் உயரத்தில் காற்றில் மெல்லச் சுற்றியது.

இறக்கி வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப மழையில எறங்கித் தள்ள வேண்டியதில்ல?"

"பிரேக் பிடிக்கும்ப்பா. டயர் வழுக்கும், அதனால மெதுவாத்தான் வரணும்."

"அதச் சொல்லிக் குடு அந்தப் பொண்ணுகிட்ட" என்றார், குவளையைக் கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தபடி.